தரங்கம்பாடி மணலில் தமிழ் எழுதிய ஜேர்மானியர்

பிறந்த மண்ணைப் பிரிந்து கடல் கடந்து வந்த எம்மவரின் பிள்ளைகள், கெல்சென்கிர்ச்சன் நகரிலும் அதன் அயலூர்களிலும் ஐந்து நாட்கள் ஜேர்மன் மொழியிலே கற்று, வார இறுதியிலே தமிழ் ஏட்டைக் கையிலெடுக்கின்றனர். அரிச்சுவடியின் ‘ழ’கரத்தோடும் ‘ற’கரத்தோடும் அவர்கள் படும் பாட்டைப் பெற்றோரும் ஆசிரியரும் நன்கறிவர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதற்கு எதிர்த்திசையில் ஒரு பயணம் நிகழ்ந்தது. ஜேர்மன் நாட்டில் பிறந்த இளைஞர் ஒருவர் தமது இருபத்து நான்காம் அகவையிலே சோழமண்டலக் கரையில் இறங்கி, சின்னஞ்சிறு தமிழ்ச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலிலே விரலால் அகரம் எழுதக் கற்றார். பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் அப்பெருமகனின் வாழ்வையும், அவ்வாழ்வுக்குக் களம் அமைத்த காலத்தையும் இவ்விழா மலரிலே சுருக்கமாக நோக்குவோம்.

அக்காலத்து உலகம்

1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த நாள்முதல் இந்துமாக்கடல் ஐரோப்பிய வணிகப் போட்டியின் களமாயிற்று. மிளகும் கறுவாவும் பருத்தித் துணியும் தேடிப் போர்த்துக்கேயர் முதலில் வந்தனர். 1600இல் ஆங்கிலேயரும், 1602இல் ஒல்லாந்தரும் தத்தம் கிழக்கிந்தியக் கம்பனிகளை அமைத்தனர். சிறிய நாடாகிய டென்மார்க்கும் 1616இல் தனக்கென ஒரு கம்பனியை நிறுவிற்று.

டென்மார்க்கின் முதற் கப்பல்கள் நாடிச் சென்ற இடம் இலங்கையே. போர்த்துக்கேயருக்கு எதிராகக் கண்டி மன்னனுக்கு உதவுவது என்ற எண்ணத்தோடு ஓவே யெட்டே என்னும் தளபதியின் தலைமையில் 1618இல் புறப்பட்ட அக்கப்பற்படை 1620இலேயே இலங்கையை அடைந்தது. இதற்கிடையில், 1619இல், யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது. சங்கிலி மன்னன் சிறைப்பிடிக்கப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். கண்டி மன்னனும் போர்த்துக்கேயரோடு உடன்பாடு செய்துகொண்டிருந்தான். திருகோணமலையிலே கால்பதிக்க டேனியர் செய்த முயற்சியும் நிலைக்கவில்லை. ஆகவே அவர்கள் தமிழகக் கரையை நாடித் தஞ்சை இரகுநாத நாயக்க மன்னனோடு 1620 நவம்பர் 19ஆம் நாள் உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடி என்னும் கடற்கரையூரைப் பெற்றனர். அங்கே அவர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. ஈழத்தின் வடபுலம் தன் அரசை இழந்த மறு ஆண்டிலேயே தரங்கம்பாடியின் ஐரோப்பிய வரலாறு தொடங்குகின்றது என்பதை எம் மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

இளமையும் கல்வியும்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டிலே, ஜேர்மனியின் சாக்சனி நாட்டில், டிரெஸ்டன் நகருக்கு வடகிழக்கே உள்ள புல்ஸ்னிற்ஸ் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். இவ்வூர் ‘பெபர்கூகன்’ எனப்படும் நறுஞ்சரக்கு இனிப்பு ரொட்டிக்குப் பேர்போனது. 1558இலேயே இவ்வூர் ரொட்டி சுடுவோர் அதனைச் செய்யும் உரிமையைப் பெற்றிருந்தனர். கறுவாவும் கிராம்பும் சேரும் அவ்வினிப்பின் வழியே கீழைத்தேயத்தின் மணம் அச்சிறுவனின் தெருவுக்கு முன்பே வந்திருந்தது எனலாம்.

இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்த அவர் உடன்பிறந்தாரின் ஆதரவில் வளர்ந்தார். காமென்ஸ், கேர்லிற்ஸ், பேர்லின் ஆகிய ஊர்களில் பயின்று, 1703இல் ஹாலே பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே ஓகுஸ்ட் ஹேர்மான் பிராங்கே என்னும் சமயப் பெரியார், அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தையும் பள்ளிகளையும் நிறுவி நடத்தி வந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு ஊட்ட வேண்டும், சமய வாழ்வு செயலிலே விளங்க வேண்டும் என்ற அவரது கொள்கை சீகன்பால்குவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. எனினும் நலிந்த உடல்நிலை அவரது கல்வியை இடையிடையே தடுத்தது. பிற்காலத்திலும் இந்நலிவு அவரை விட்டு நீங்கவில்லை.

டென்மார்க்கின் மன்னர் நான்காம் பிரடெரிக், தம் ஆட்சிக்குட்பட்ட கீழைத்தேயக் குடியிருப்பிலே கிறித்துவ சமயத்தைப் பரப்ப விரும்பினார். தகுந்தோர் தம் நாட்டிற் கிடையாமையால் ஜேர்மனியில் தேடினர். சீகன்பால்குவும் அவரிலும் சில அகவை மூத்தவரான ஹைன்றிச் புளூட்சௌவும் தெரிவாயினர். 1705 நவம்பரில் கோபன்ஹேகனிலே குருப்பட்டம் பெற்று, அம்மாதத்திலேயே ‘சோபியா ஹெட்விக்’ என்னும் கப்பலில் ஏறினர். ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஏழு மாதங்களுக்கு மேல் நீடித்த பயணத்தின் பின், 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர்.

வரவேற்பற்ற வருகை

மன்னரின் ஆணையோடு வந்தவர்களை மாலை மரியாதையோடு வரவேற்பார் எவருமிலர். டேனிய ஆளுநர் ஹாசியுஸ் அவர்களைப் பல மணி நேரம் காத்திருக்கச் செய்த பின்னரே முகங்கொடுத்தார். கம்பனியின் நோக்கு வணிகம் ஒன்றே. உள்ளூர் மக்களோடு நெருங்கிப் பழகும் குருமார் தம் ஆதாயத்துக்கு இடையூறு ஆவர் என்று கம்பனியார் அஞ்சினர். அவ்வச்சத்துக்குக் காரணமும் இருந்தது. டேனியர் இல்லங்களிலே அடிமைகள் ஏவல் செய்த காலம் அது. இவர்களின் பணியாலே 1707 மே மாதத்தில் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பியரின் அடிமைகளே. கரையோரத்து ஐரோப்பியரின் ஒழுக்கக்கேடே தம் பணிக்குப் பெருந்தடை எனச் சீகன்பால்கு தம் கடிதங்களிலே வருந்தி எழுதியுள்ளார்.

மணலில் எழுதிய மாணவர்

அக்காலத்தில் கரையோரத்தில் வழங்கிய பொதுமொழி போர்த்துக்கேயம். அதனைக் கற்றாலே போதும் என்பது ஐரோப்பியரின் எண்ணம். புளூட்சௌ அம்மொழியை மேற்கொண்டார். சீகன்பால்குவோ தமிழைத் தேர்ந்தார். ஒருவரிடம் பேச வேண்டுமாயின் அவரது தாய்மொழியிலேயே பேச வேண்டும் என்பது அவர் துணிபு.

முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கே பள்ளியோடு வந்து தங்குமாறு வேண்டினார். அவரிடம் பயின்ற சிறுவர்களோடு தாமும் ஒருவராய்த் தரையில் அமர்ந்து, மணலிலே எழுத்துகளை எழுதிப் பழகினார். அவ்வாசிரியருக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். ஆனால் பொருளை ஐரோப்பிய மொழி எதிலும் விளக்கத் தெரியாது. ஆதலால் போர்த்துக்கேயம் முதலிய மொழிகளை அறிந்த அழகப்பன் என்னும் துபாசியை அமர்த்திக்கொண்டார். எட்டு மாதங்களுக்குள் தமிழை வாசிக்கவும் எழுதவும் பேசவும் வல்லவரானார்.

அவரது நாளொழுங்கு எம் மாணவர் அறியத்தக்கது. காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை முன்பு குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் மீட்டுப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை முதிய புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களை மட்டுமே வாசிப்பார். புதிய சொல் வரும்போதெல்லாம் எழுத்தர் அதனைக் குறித்துக்கொள்வார். பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மீண்டும் வாசிப்பு நிகழும். இரவிலே கண் அயராதிருக்கப் பிறர் வாசிக்கத் தாம் கேட்டிருப்பார். ஒரே நூலைப் பலமுறை படிப்பதும் அவர் வழக்கம். இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ இருபதாயிரம் சொற்கள் கொண்ட அகரவரிசை ஒன்று அவர் கையிலிருந்தது. செய்யுட் சொற்களுக்கெனத் தனியே மற்றொன்றையும் தொகுத்தார்.

ஏடு தேடிய பணி

தமிழைக் கற்கக் கற்க, தமிழரைப் பற்றி அவர் கொண்டுவந்த எண்ணமும் மாறிற்று. தமிழரைக் கல்வியும் ஒழுங்கும் அற்ற மக்கள் என ஐரோப்பாவிற் பலர் கருதினர். தாமும் அவ்வாறே எண்ணி வந்ததாக அவரே ஒப்புக்கொண்டுள்ளார். ஏடுகளை வாசித்த பின்னரோ, தமிழருக்குச் சீரிய அறநூல்களும் ஒழுங்கான இலக்கணமும் உள்ளன என்று ஐரோப்பாவுக்கு எழுதலானார்.

எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, காலஞ்சென்ற கற்றோரின் விதவையர் வைத்திருந்த ஏடுகளை விலைகொடுத்து வாங்குவித்தார். இவ்வாறு திரட்டிய நூல்களுக்கு 1708இல் ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். தமிழரின் நூல்கள் மட்டும் அதில் 119 இடம்பெறுகின்றன. திருக்குறளும் தொல்காப்பியமும் அவற்றுட் சேர்ந்தவை. ஒவ்வொரு நூலையும் பற்றிச் சிறு குறிப்பும் தந்திருப்பதால், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சோழநாட்டுக் கரையிலே எவ்வெந் நூல்கள் வழக்கிலிருந்தன என்பதை இன்றும் நாம் அறிய முடிகின்றது.

அதே 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். எம் பள்ளிச் சிறுவர் மேடையிலே மழலை மாறாமல் ஒப்புவிக்கும் கொன்றைவேந்தனை, அவர்தம் ஜேர்மன் நண்பரின் மொழியிலே அன்றே ஒருவர் எழுதிவைத்தார் என்பது எத்துணை இன்பம் தரும் செய்தி!

சிறைவாசம்

ஆளுநரோடு இருந்த பிணக்கு 1708இன் இறுதியிலே முற்றியது. இறந்துபோன தமிழர் ஒருவரின் விதவை, தன் கணவன் தொடர்பான கடன் வழக்கிலே தனக்கு நீதி கிட்டவில்லை என முறையிட்டு வந்தாள். சீகன்பால்கு அவளுக்காகப் பரிந்து பேசினார். ஆளுநர் இதனைத் தம் அதிகாரத்திற்கு விடுத்த அறைகூவலாகக் கொண்டு, அவரைக் கைதுசெய்து டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள், 1709 மார்ச் வரை, அவர் சிறையிலிருந்தார். தொடக்கத்தில் மையும் தாளும் மறுக்கப்பட்டன. பின்னர் அவை கிடைத்தபோது சமய நூல்கள் இரண்டை எழுதி முடித்தார். அறிமுகமற்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் வழக்குக்காகத் தம்மை ஆள்வோரின் சினத்துக்கு ஆளானமை அவரது வாழ்வின் சிறந்த பக்கங்களுள் ஒன்றாகும்.

தமிழ் அச்சின் மறுபிறப்பு

தமிழ் எழுத்தை முதலில் அச்சேற்றியவர் சீகன்பால்கு அல்லர். 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அதற்கு உழைத்தவர் அண்டிறிக் அடிகளார் எனத் தமிழர் அழைத்த போர்த்துக்கேயக் குருவானவர். ஆயினும் அம்முயற்சிகள் தொடராமல் ஓய்ந்தன. அறுந்த இழையை மீண்டும் முடிந்து, அறாது நீளச் செய்தது தரங்கம்பாடி.

விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் பணியைச் சீகன்பால்கு 1708 அக்டோபரில் தொடங்கி 1711 மார்ச்சில் நிறைவுசெய்தார். அதனை அச்சிட இலண்டனிலிருந்த கிறித்துவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஓர் அச்சுப்பொறியை அனுப்பியது. அன்று ஐரோப்பாவில் ஸ்பானிய அரசுரிமைப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. அக்கப்பல் 1711இல் பிரேசிலின் றியோ துறைமுகத்திலே பிரெஞ்சுப் படையின் கையிற் சிக்கியது. மீட்கப்பட்ட பின் பயணம் தொடர்ந்தபோது உடன்வந்த அச்சாளர் வழியிலேயே இறந்தார். 1712இல் பொறி வந்து சேர்ந்தது. அதனை இயக்க ஆளில்லை. டேனியப் படையிலே பணியாற்றிய ஜேர்மன் வீரர் ஒருவருக்கு அச்சுத்தொழில் தெரிந்திருந்தமையால் போர்த்துக்கேய மொழியில் அச்சிடல் தொடங்கிற்று.

தமிழ் எழுத்துகளோ ஹாலேயில் உருவாயின. தரங்கம்பாடியிலிருந்து வரைந்தனுப்பிய வரிவடிவங்களைப் பார்த்து, தமிழே அறியாத ஜேர்மன் கைவினைஞர் அச்செழுத்துகளை வார்த்தனர். 1713இல் அவற்றோடு ஆட்லர் என்னும் அச்சாளரும் வந்தார். எழுத்துகள் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே ஆட்லர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். அயலூராகிய பொறையாற்றிலே தாள் செய்யும் ஆலையும் 1715இல் அமைந்தது. அவ்வாண்டிலேயே புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. இந்திய மொழி ஒன்றிலே முழுமையாக வெளிவந்த முதற் புதிய ஏற்பாடு இதுவே.

கல்விப்பணியிலும் அவர் முன்னோடியே. பெண்பிள்ளைகளுக்கெனத் தரங்கம்பாடியில் 1707இலேயே பள்ளி தொடங்கப்பட்டது. ஐரோப்பாவிலும் பெண்கல்வி அரிதாயிருந்த நாட்கள் அவை.

அச்சேறாத நூல்கள்

உண்மையை மறைத்துப் புகழுரைப்பது வரலாறு ஆகாது. சீகன்பால்கு தமிழரைத் தம் சமயத்துக்கு மாற்றவே வந்தார். 1713இல் தரங்கம்பாடி அச்சகம் வெளியிட்ட முதல் தமிழ்ச் சிறுநூல் தமிழர் வழிபாட்டை ‘அக்கியானம்’ எனத் தலைப்பிலேயே பழித்தது. அவரது நோக்கத்தை ஏற்போரும் ஏலாதோரும் எம்முள் உளர். எனினும் அதே ஆண்டிலே தமிழரின் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றையும் அவர் எழுதினார். கோவில்கள், திருவிழாக்கள், ஊர்த் தெய்வங்கள் ஆகியவற்றை ஏடுகளைக் கொண்டும், தமிழரிடம் வினாக்கள் விடுத்துப் பெற்ற கடிதங்களைக் கொண்டும் பொறுமையோடு தொகுத்தார். ஹாலேயில் இருந்தோர் இத்தகைய ஆய்வை விரும்பவில்லை, அச்சிடாமல் வைத்துவிட்டனர். 1867இலேதான் அந்நூல் சென்னையில் வெளிவந்தது. 1711இல் எழுதிய மற்றொரு நூல் 1926வரை காத்திருந்தது. மறுக்க வந்தவரே அறிந்துகொள்ளவும் முயன்றார் என்பதனால், அந்நாளைய தமிழர் வாழ்வைக் காட்டும் சான்றுகளாக இவை இன்று விளங்குகின்றன.

ஐரோப்பாவில் தமிழ்

1714இல் சீகன்பால்கு தாயகம் நோக்கிப் புறப்பட்டார். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். கப்பலிலும் தமிழ் பேசவும் எழுதவும் அவர் துணையாயிருந்தார். வடபுலப் பெரும்போர் நடந்த காலமாதலால், மன்னர் பிரடெரிக்கை ஸ்ட்ரால்சுண்ட் நகரின் முற்றுகைக் களத்திலேயே சந்திக்க நேர்ந்தது. பின்னர் ஹாலே சென்று, இலத்தீன் மொழியில் தாம் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716இல் அச்சேற்றினார். ஜேர்மன் மண்ணிலே அன்றே தமிழ் எழுத்துகள் அச்சில் ஒளிர்ந்தன. தமது முன்னாள் மாணவியான மரியா டொரொத்தியா சால்ஸ்மனை மணந்து, இலண்டனில் முதலாம் ஜோர்ஜ் மன்னரையும் கண்டு, அவ்வாண்டிலேயே தமிழகம் திரும்பினார்.

இறுதி நாட்கள்

1717இல் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரிலே திறந்துவைக்கப்பட்டது. ஆனால் கோபன்ஹேகனில் நிர்வாகப் பொறுப்பேற்ற வெண்ட் என்பார், கட்டடங்களுக்கும் பள்ளிகளுக்கும் செலவிடுவதைக் கடுமையாகக் குறைகூறினார். அவர் விடுத்த கண்டனக் கடிதங்கள், முன்னரே நோயுற்றிருந்த சீகன்பால்குவின் உள்ளத்தைப் பெரிதும் புண்படுத்தின. 1719 பெப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் அகவையிலே, அவர் உயிர்நீத்தார். தாம் கட்டிய ஆலயத்துள்ளேயே அடக்கஞ்செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் என்னும் நூல்வரை தமிழாக்கியிருந்தார். எஞ்சியதைப் பின்வந்த சுல்ட்ஸ் நிறைவேற்றினார்.

தரங்கம்பாடியை 1845இல் டேனியர், வங்காளத்திலிருந்த தம் குடியிருப்புகளோடு சேர்த்து, பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். விலைக்கு வாங்கிய துறைமுகம் கைமாறியது. அவர் திரட்டுவித்த ஏடுகளும் எழுதிய கடிதங்களும் அவர்தம் வழிவந்தோர் அனுப்பியவையும் ஹாலேயில், பிராங்கே நிறுவிய இல்லத்தின் சுவடிக்கூடத்தில் இன்றும் பேணப்படுகின்றன. கெல்சென்கிர்ச்சனிலிருந்து அவ்வூர் ஒருநாட் பயணமே.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

சீகன்பால்குவுக்கு எழுத்தறிவித்த அம்முதிய ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். அந்நியருக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று அவர் மறுத்திருந்தால் இவ்வரலாறு இல்லை. வாரந்தோறும் ஊதியம் கருதாது வகுப்பறைக்கு வரும் எம் ஆசிரியர்களும் அவர் மரபினரே.

மாணவச் செல்வங்களே! உங்களுக்குத் தமிழ் கடினம் என்று தோன்றும் நாட்களில், அகராதியோ பாடநூலோ இன்றி இம்மொழியைக் கற்ற ஜேர்மானியரை நினைந்துகொள்ளுங்கள். அவருக்கு வீட்டிலே தமிழ் பேசத் தாயில்லை, கதை சொல்லப் பாட்டியில்லை. உங்களுக்கு அவ்விருவரும் உளர். அவர் நாள்தோறும் காலையிலே முந்திய நாட் சொற்களை மீட்டுப் பார்த்தது போல, நீங்களும் நாளுக்கு ஒரு மணிநேரம் இல்லாவிடினும் கால்மணி நேரமாவது தமிழுக்கு ஒதுக்குங்கள். ஹாலே நகரின் ஏடுகளை ஒருநாள் உங்களுள் ஒருவர் சென்று வாசித்து, அவற்றிலுள்ளதைத் தமிழிலும் ஜேர்மனிலும் உலகுக்கு எடுத்துரைப்பாராயின், அந்நாளே இப்பள்ளி நடத்தும் விழாக்களுள் பெருவிழாவாகும்.